பேர் ஒருத்தருக்கு, பேனா ஒருத்தருக்கு: தலைவர் புத்தகத்துல எழுதினவர் பேர் வேணுமா, வேணாமா?

திருப்பாப்புலியூர்_டிடிபி · ஞாயிறு, இரவு 9.12

கடலூர்ல டிடிபி கடை வச்சு 22 வருஷம் ஆச்சு. கல்யாணப் பத்திரிகை, கண்ணீர் அஞ்சலி, வார்டு நோட்டீஸ், இதுக்கு நடுவுல புத்தகம். புத்தகம்னா அதுல பாதி கட்சிக்காரங்களோடதுதான். வாழ்க்கை வரலாறு, மேடைப் பேச்சுத் தொகுப்பு, வெளிநாடு போயிட்டு வந்த கதை.

போன வாரம் ஒரு வெளியீட்டு விழா. தலைவர் பேர், கட்சி பேர், மண்டபம் பேர் எதுவும் வேணாம். எல்லாக் கட்சியிலும் இதே கூத்துதான். டெமி சைஸ், 240 பக்கம், 15 ஃபாரம், மல்டிகலர் ராப்பர். டைப் பண்ணது நான். தலைவர் கையெழுத்து எனக்குத் தெரியும், செக்ல பார்த்திருக்கேன். எனக்கு வந்த பிரதி அது இல்ல. முழு வெள்ளைத்தாள், இடதுபக்கம் மடிச்சு மார்ஜின், ஒரு ஒற்றுகூட விடாத எழுத்து. பேச்சுவழக்கா வந்த ஒண்ணு ரெண்டு சொல்லை மட்டும் நானே திருத்தினேன். உதவியாளர்தான் கொண்டாந்து கொடுப்பார், எழுதினவரை நான் பார்த்ததே இல்ல.

விழாவுல சிறப்பு விருந்தினர் புத்தகத்தைப் பிரிச்சு ஒரு பக்கம் சத்தமா வாசிச்சார். எனக்கு முன் வரிசையில ஒரு பெரியவர், மடியில மஞ்சப்பை. மேடையில வரி வர்றதுக்கு அரை விநாடி முன்னாடி அவர் உதடு அசையுது. கமா வர்ற இடத்துல நிக்குது. பக்கம் முடியற வரைக்கும் அப்படியே. அதே பக்கத்துக்கு மூணு புரூஃப் பார்த்தவன் நான், எனக்கே அந்த அளவுக்கு மனப்பாடம் இல்ல.

மேடையில பொன்னாடை போர்த்தி முடிக்கவே முக்கால் மணி நேரம். பந்தி எப்பன்னு கேட்க மேடை ஏறினவருக்குக்கூட ஒண்ணு விழுந்துச்சு. நன்றியுரையில அச்சகம் பேர் வந்துச்சு, மைக்செட் பேர் வந்துச்சு. அவர் பேர் வரல. சாப்பிடாமலே எழுந்து போயிட்டார்.

எழுதினவர் பேரை உள்பக்கத்துல பொடி எழுத்துல 'எழுத்தாக்கம்: இன்னார்'னு ஒரு வரி போட்டா தலைவரோட எந்தக் கிரீடம் கீழ விழுந்துடும்?

---

கெடிலம்74 · இரவு 9.40

டிடிபி அண்ணே, கண்ணு உங்களுக்கு நல்லா வேலை செய்யுது. கேள்விதான் கோணல். வீடு கட்டின கொத்தனார் பேரை யாராவது வாசல்ல எழுதுறாங்களா? சட்டை தைக்கிறவர் தைச்சார், கூலி வாங்கினார், போனார். போட்டுக்கிட்டுப் போறவன் சட்டைதானே அது?

வாழ்க்கை தலைவரோடது. ஜெயிலுக்குப் போனது அவர், அடிவாங்கினது அவர், மூணு தேர்தல்ல தோத்தது அவர். வாத்தியார் ஒருத்தர் அதை வரிசைப்படுத்தி ஒற்றுப்பிழை இல்லாம எழுதிக் கொடுத்தார். அதுக்குக் காசும் வாங்கியிருப்பார். அப்புறம் என்ன பொன்னாடை? பந்தியில சாப்பிடாதது அவர் இஷ்டம்.

---

சில்வர்பீச்_சுண்டல் · இரவு 9.43

கெடிலம் அண்ணே, சட்டைக் காலரைத் திருப்பிப் பாருங்க. டெய்லர் பேர் இருக்கும்.

---

கெடிலம்74 · இரவு 9.51

சுண்டல், உனக்குன்னு ஒரு வேலை இருந்தா இங்க வரமாட்டே.

---

வில்லியனூர்_வாசகி · இரவு 10.20

வழக்குரைஞர் என்ற முறையில் சட்டத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன், பிறகு சண்டை போடுங்கள்.

1867-ல் வெள்ளைக்காரன் கொண்டுவந்த அச்சகம், புத்தகப் பதிவுச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள். அச்சிடும் ஒவ்வொரு புத்தகத்திலும் அச்சிட்டவர் பெயரும் அச்சிட்ட ஊரும் இருக்க வேண்டும், வெளியிட்டவர் பெயரும் இருக்க வேண்டும் என்கிறது. எழுதியவர் பெயர் இருந்தே ஆக வேண்டும் என்று அதில் இல்லை. அரசுக்கு அப்போது வேண்டியது கதவைத் தட்டுவதற்கு ஒரு விலாசம். டிடிபி சார், விழாவில் அச்சகத்தின் பெயரை மட்டும் மறக்காமல் சொன்னார்களே, அந்தப் பழக்கத்துக்கு வயது 150க்கு மேல். 2024 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த புதிய சட்டம் புத்தகங்களை அந்தக் கட்டிலிருந்து விட்டுவிட்டது. பழக்கம் விடவில்லை.

அடுத்தது, கெடிலம் சார் சொல்லும் கூலி. 1957 பதிப்புரிமைச் சட்டம் கொத்தனாரையும் எழுத்தாளரையும் ஒரே தட்டில் வைக்கவில்லை. சம்பளத்துக்கு வேலை செய்யும் ஊழியர் வேலையின் பகுதியாக எழுதினால் உரிமை முதலாளிக்கு. வெளியாள் எழுதிக் கொடுத்தால் எழுதியவருக்கே, கையெழுத்துப் போட்டு எழுத்துபூர்வமாக மாற்றிக் கொடுக்கும் வரை. மாற்றிக் கொடுத்த பிறகும் 57ஆம் பிரிவின்படி "இதை எழுதியவன் நான்" என்று சொல்லும் உரிமை அவரிடமே தங்கும். தலைவர் சொல்லச் சொல்ல அப்படியே எழுதியிருந்தால் கதை வேறு.

மேடைப் பேச்சு மட்டும் விதிவிலக்கு. பேச்சை எழுதிக் கொடுத்தவர் யாராக இருந்தாலும், பொதுமேடையில் பேசியவரே அதன் முதல் உரிமையாளர், இன்னொருவர் சார்பில் பேசினால் அந்த இன்னொருவர். 17ஆம் பிரிவிலேயே இருக்கிறது. பேச்சு எழுதிக் கொடுப்பவர்கள் பாவம்.

---

திருப்பாப்புலியூர்_டிடிபி · இரவு 10.31

மேடம், அப்ப துண்டுச்சீட்டுகூட இல்லாம எழுதிக் கொடுத்திருந்தா புத்தகம் இன்னைக்கும் அந்தப் பெரியவரோடதா?

---

வில்லியனூர்_வாசகி · இரவு 10.34

காகிதத்தில் ஆமாம். கோர்ட்டுக்குப் போய், எந்த ஊரில் குடியிருக்கிறோம் என்பதையும் மறந்துவிட்டால்.

---

பாரதிபூங்கா_பெஞ்சு · திங்கள், காலை 6.15

காலை நடை முடித்து வந்து படித்தேன். வாசகி அம்மா சொன்ன 'கதவைத் தட்ட ஒரு விலாசம்' என்பதற்கு நம் ஊரிலேயே உதாரணம் இருக்கிறது.

1908. சென்னையில் 'இந்தியா' வார இதழ். எழுத்தும் அனலும் பாரதியுடையவை. சட்டப்படி ஆசிரியராகப் பதிவாகியிருந்தவர் மு. சீனிவாசன். ராஜத்துரோக வழக்கு வந்தபோது கைதானவர் அவர், ஐந்தாண்டு தண்டனை பெற்றவரும் அவர். பாரதி எல்லை தாண்டிப் புதுச்சேரிக்கு வந்துவிட்டார். அக்டோபரிலேயே 'இந்தியா' இங்கிருந்து வெளிவரத் தொடங்கி 1910 மார்ச் வரை நடந்தது. பத்தாண்டு இங்கே இருந்து, 1918 நவம்பரில் எல்லையைக் கடந்ததும் கடலூரில் பிடித்து உங்கள் ஊர்ச் சிறையில்தான் வைத்தார்கள்.

பாரதியைக் குறை சொல்ல நான் வரவில்லை. அவர் உள்ளே போயிருந்தால் 'பாஞ்சாலி சபதம்' நமக்குக் கிடைத்திருக்குமா என்பது சந்தேகம். ஆனால் ஈசுவரன் தர்மராஜா கோயில் வீதியில் பாரதி இருந்த வீட்டைப் பார்க்கப் பேருந்து பேருந்தாக வருகிறார்களே, அவர்களில் எத்தனை பேர் சீனிவாசனைக் கேள்விப்பட்டிருப்பார்கள்? எழுதினவன் பெயர் மறைகிறது என்று டிடிபி தம்பி வருத்தப்படுகிறார். பெயர் கொடுத்தவனே மறைந்துபோன வழக்கு இது.

---

கெடிலம்74 · காலை 7.02

ஐயா, வயித்துல பாலை வார்த்தீங்க. நான் சொல்ல வந்ததே இதுதான். அட்டையில இருக்கிற பேர் சும்மா அலங்காரம் இல்ல, அது தலையைக் கொடுக்கிற இடம். நாளைக்கு அந்தப் புத்தகத்துல ஒரு வரிக்கு எவனாவது கேஸ் போட்டா சம்மன் யார் வீட்டுக்கு வரும்? வாத்தியார் வீட்டுக்கா?

அண்ணா 'ஆரிய மாயை' எழுதினார். 1950-ல கோர்ட்டு 700 ரூபாய் அபராதம், கட்டாட்டி ஆறு மாசம்னு சொல்லுச்சு. கட்டமாட்டேன்னு உள்ளே போனார். இதே கடலூர்ல 1944-ல பெரியார் ரிக்‌ஷாவுல போகும்போது செருப்பு வந்து விழுந்துச்சு. எழுத்துக்கும் பேச்சுக்கும் விலை கொடுத்தவங்க அவங்க. விலை கொடுக்கிறவன் பேர்தான் அட்டையில வரணும்.

---

திருப்பாப்புலியூர்_டிடிபி · காலை 9.30

கெடிலம், நீங்க சொன்ன ரெண்டு பேரும் தானே எழுதினவங்க! அண்ணா எழுதிட்டு உள்ள போனார். இவர் எழுதாமலே மேடைக்குப் போறார். ரெண்டும் ஒண்ணா?

நம்ம மஞ்சக்குப்பத்துல பிறந்த ஜெயகாந்தன் 'ஓர் இலக்கியவாதியின் அரசியல் அனுபவங்கள்'னு எழுதினார். அவர் அரசியல்ல பாதி எனக்கு ஒத்துக்காது. ஆனா ஒரு பக்கம் படிச்சா ஆள் மீசையோட எதிர்ல வந்து உட்காருவார். நான் டைப் பண்ணின தலைவர்கள் புத்தகத்தை எல்லாம் அட்டையைக் கிழிச்சுட்டுக் கலந்து வைங்க. எது யாருதுன்னு அந்தத் தலைவருக்கே தெரியாது. எல்லாரும் 'ஓலைக்குடிசையில், ஓர் ஏழைத் தாயின் மூத்த மகனாக'த்தான் பிறந்திருக்காங்க. பாரா மாத்திப் போட்டாக்கூட ஒருத்தரும் கண்டுபிடிக்க மாட்டாங்க. (ஒரு தடவை மாத்திப் போட்டேன். கண்டுபிடிக்கல.)

---

சில்வர்பீச்_சுண்டல் · காலை 9.41

அண்ணே, அடைப்புக்குறிக்குள்ள இருக்கிறதை எடுத்துருங்க. கட்சிக்காரங்க இந்தப் பக்கம் வர்றாங்க.

அப்புறம், இது நம்மூரு வியாதி மட்டும் இல்ல. கென்னடி பேர்ல 1956-ல வந்த 'புரொஃபைல்ஸ் இன் கரேஜ்' புத்தகத்துக்கு மறு வருஷமே புலிட்சர் பரிசு. வேற ஆள் எழுதினதுன்னு டிவியில ஒரு பத்திரிகைக்காரர் சொல்லப்போக, டிவி கம்பெனி மன்னிப்புக் கேட்க வேண்டியதாப் போச்சு. அவரோட உதவியாளர் சோரன்சன் 2008-ல தன் சுயசரிதையில, பெரும்பாலான அத்தியாயங்களுக்கு முதல் வரைவு எழுதினது நான்தான்னு ஒத்துக்கிட்டார். ஐம்பது வருஷம் வாயைத் திறக்கல மனுஷன். எங்க ரூம்ல பிரியாணி வாங்கினது யார் காசுன்னு அஞ்சு நிமிஷம் ரகசியம் தங்காது.

---

பாரதிபூங்கா_பெஞ்சு · காலை 11.05

பிரெஞ்சுக்காரர்களிடமும் ஒன்று உண்டு. சோரன்சன் மாதிரி வாய்மூடி இல்லை இந்த ஆள்.

முதல் உலகப் போரின் நாயகன் மார்ஷல் பெத்தேன். 1925 வாக்கில் பிரெஞ்சுப் படைவீரனின் வரலாற்றைத் தன் பெயரில் எழுதித்தரத் தன் அலுவலகத்துக்கு ஓர் இளம் அதிகாரியை அழைத்துக்கொண்டார். அவர் பெயர் ஷார்ல் தெ கோல். எழுதினார். பாதியில், அந்தப் பிரதியை இன்னொரு அதிகாரியிடம் கொடுத்துத் திருத்தப் போகிறார் மார்ஷல் என்று தெரிந்ததும் வந்ததே கோபம்! என் எழுத்தில் வேறொருவன் கை வைக்கக் கூடாது என்று மார்ஷலுக்கே கடிதம் எழுதினார். வேலை அப்படியே நின்றது. 1938-ல் அதே பிரதியை விரித்துத் தன் பெயரிலேயே வெளியிட்டுவிட்டார். மார்ஷலுக்கு ஒரு சமர்ப்பணம் வைத்தார், அதிலும் மார்ஷல் கொடுத்த வாசகத்தை மாற்றி! அதற்கு ஒரு தனிச் சண்டை.

இரண்டு வருடம் கழித்து, பிரான்ஸ் ஜெர்மனியிடம் தோற்றதும், பெத்தேன் விஷி நகரில் ஆட்சித் தலைவர், தெ கோல் லண்டனில் கலகக்காரர். பெத்தேன் ஆட்சியின் ராணுவ நீதிமன்றம் தெ கோலுக்கு மரண தண்டனை விதித்தது. 1940 செப்டம்பரில் புதுச்சேரி, எழுதினவர் பக்கம் நின்றது. அட்டைப் பெயருக்காக இல்லை என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் கடற்கரைச் சாலையில் போர் நினைவுச் சின்னத்தைத் தாண்டும்போதெல்லாம் அந்தச் சமர்ப்பணச் சண்டை ஞாபகம் வந்து சிரித்துக்கொள்வேன்.

---

கெடிலம்74 · மதியம் 1.15

தெ கோலுக்கு எழுதவும் தெரிஞ்சது, அப்புறம் நாட்டை ஆளவும் தெரிஞ்சது. நம்ம வாத்தியார்களை அந்தத் தராசுல வைக்காதீங்க ஐயா.

நேராவே கேக்கிறேன். அந்த வாத்தியார் சொந்தப் பேர்ல 240 பக்கம் எழுதிக் கொண்டு வந்தா எத்தனை பேர் வாங்குவான்? தலைவர் பேர் இருந்ததாலதான் கிளைக்கு இத்தனைன்னு கட்டுக்கட்டாப் போச்சு. ஒரு வரி போட்டா என்னன்னு கேக்கறீங்க. போட்டா, அடுத்த நாள் எதிர்க்கட்சிக்காரன் மைக்ல "தனக்கு என்ன நடந்துச்சுன்னுகூட எழுதத் தெரியாதவர்"னு பேசுவான். அரசியல் உங்க புரூஃப் டேபிள் இல்ல அண்ணே.

---

வில்லியனூர்_வாசகி · மதியம் 1.48

காந்தி தன் சுயசரிதையைக் குஜராத்தியில் தானே எழுதினார். ஆங்கிலத்தில் நாம் படிப்பது மகாதேவ் தேசாய் மொழிபெயர்த்தது, தலைப்புப் பக்கத்திலேயே அவர் பெயர் இருக்கிறது. அதனால் காந்திக்கு எழுதத் தெரியாது என்று யாரும் மைக்கில் பேசவில்லை. பயம் இருப்பவர்களுக்குத்தான் அந்த ஒரு வரி சுடுகிறது.

'பாரதிதாசன் கவிதைகள்' முதல் தொகுதி 1938-ல் வந்ததே குத்தூசி குருசாமி, குஞ்சிதம் அம்மையார் முயற்சியால்தான். துணை நின்றவர் உங்கள் கடலூர்க்காரர் நாராயணசாமி. அவர்கள் எழுதக்கூட இல்லை, கொண்டுவர உதவினார்கள், அவ்வளவுதான். அந்தப் பெயர்களை இன்றும் சொல்கிறோம். எழுதினவரைச் சொல்ல மாட்டோமா?

---

ஓய்வு_தமிழாசிரியர் · மாலை 5.30

அனைவருக்கும் வணக்கம். இங்கே இதுவரை படித்துக்கொண்டு மட்டும் இருந்தவன். மஞ்சப்பையைப் பார்த்ததும் எழுதலாம் என்று தோன்றியது.

டிடிபி தம்பி, தங்கள் அன்புக்கு நன்றி. எனக்காகச் சண்டை போட வேண்டாம். 40,000 ரூபாய் பேசினார்கள், பேசியபடி கொடுத்தார்கள். என் பெயர் போட வேண்டாம் என்று சொன்னவன் நான். இதற்கு முன் எதிர்முகாமில் ஒருவருக்கும் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இரண்டு பேரும் ஏழைத் தாயின் மூத்த மகன்கள்தாம். தம்பி கண்டுபிடித்ததில் பிழையில்லை. சாப்பிடாமல் போனது சர்க்கரை வியாதியால்.

கஷ்டம் எங்கே என்றால், 'நான்' என்ற ஒரு சொல்லில். கண்ணதாசன் 'வனவாச'த்தில் தன்னையே 'அவன்' என்று எழுதிக்கொண்டு போவார். நான் இன்னொருவரை 'நான்' என்று எழுத உட்கார்ந்தேன். முதல் பத்து நாள் பேனா ஓடவில்லை.

தலைவர் நல்ல மனிதர், ஆனால் ஞாபகம் உள்ளவர் இல்லை. வழக்கு எண்கள் சொல்வார். எந்த ஊர்க் கூட்டத்தில் எத்தனை லாரி வந்தது என்று சொல்வார். உங்கள் தாயாரைப் பற்றிச் சொல்லுங்கள் என்றேன். "அம்மா ரொம்பக் கஷ்டப்பட்டாங்க, நீங்களே நல்லா எழுதிக்குங்க" என்றார். நான்கு முறை கேட்டேன். நான்கு முறையும் அதே வரி.

எங்கள் அம்மா கடலூர் முதுநகரில் முறுக்கு விற்றவள். இரவு நாங்கள் படுத்த பிறகு, அன்றைய வரவை ஒரு பித்தளைச் சொம்பில் ஒவ்வொரு காசாகப் போடுவாள். மொத்தமாகக் கொட்ட மாட்டாள். நாங்கள் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை எண்ணுவோம். முப்பதைத் தாண்டினால் நாளைக்குச் சோறு, குறைந்தால் கூழ். நாங்கள் எண்ணுகிறோம் என்று அவளுக்குத் தெரியும். குறைவான நாளில் போட்ட காசையே எடுத்து மறுபடி போடுவாள். அது எனக்கு வெகுநாள் கழித்துத்தான் தெரிந்தது.

அதை எடுத்துத் தலைவருக்குக் கொடுத்துவிட்டேன். அந்தப் பக்கத்தைத்தான் சிறப்பு விருந்தினர் வாசித்தார்.

இப்போது தலைவர் அதை எல்லா ஊரிலும் சொல்கிறார். கண் கலங்குகிறார், அது நடிப்பில்லை. சென்ற வாரம் என் தங்கை ஊரில் அவர் பேசியிருக்கிறார். அவள் இரவு பத்தரைக்குக் கூப்பிட்டாள். "அண்ணே, நம்ம அம்மா சொம்பு அவர் வீட்டுக்கு எப்படிப் போச்சு?"

---

சில்வர்பீச்_சுண்டல் · மாலை 5.44

ஐயா...

---

கெடிலம்74 · மாலை 6.10

ஐயா, வணக்கம். நேத்து 'கூலி'ன்னு எழுதினது உங்களை வச்சுத்தான்னு தெரியாது. தெரிஞ்சிருந்தாலும் கருத்து மாறியிருக்காது, சொல் மாறியிருக்கும்.

ஆனா ஒண்ணு சொல்றேன், வருத்தப்படாதீங்க. இங்க எல்லாரும் தலைவர் உங்களை ஏமாத்திட்டார்னு பேசிட்டிருந்தாங்க. நீங்க சொன்னதைக் கேட்டா, ஏமாந்தது நாங்க. அந்தக் கூட்டத்துல நான் இருந்தேன் ஐயா. சொம்புக் கதைக்கு நானும் அழுதேன். வீட்டுக்குப் போய் எங்கம்மாகிட்ட சொன்னேன். எங்க தலைவர் என்னோட வறுமையைப் பார்த்து வளர்ந்தவர்னு நம்பித்தான் பன்னெண்டு வருஷமா போஸ்டர் ஒட்டறேன். பேர் போடலாமா வேணாமான்றது உங்களுக்கும் அவருக்கும். நடக்காததை நடந்ததா எழுதினதுக்கு யார் பொறுப்பு? அவரா, நீங்களா?

---

வில்லியனூர்_வாசகி · மாலை 6.35

கெடிலம் சார் சொல்வதை ஒப்புக்கொள்வேன் என்று நேற்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன். இந்த இடத்தில் அவர் கேட்பது சரி.

ஐயா, உள்பக்கத்தில் உங்கள் பெயர் இருந்திருந்தால் அந்தப் பத்தியை எழுதியிருப்பீர்களா? பெயர் போட வேண்டாம் என்று பெருந்தன்மையாகச் சொன்னீர்கள் என நினைத்தேன். பெயர் இல்லாததுதான் உங்களுக்கு அந்தத் துணிச்சலைக் கொடுத்ததோ என்று இப்போது தோன்றுகிறது.

---

திருப்பாப்புலியூர்_டிடிபி · மாலை 6.50

மேடம், கொஞ்சம் பார்த்துப் பேசுங்க. தலைவர் படிக்காமலா அச்சுக்கு அனுப்பினார்? அச்சுக்கு முன்னாடி ஒவ்வொரு ஃபாரமும் அவர் டேபிளுக்குப் போய் 'ஓகே'ன்னு கையெழுத்தோட வந்துச்சு. தன் அம்மா அப்படிச் செஞ்சாங்களா இல்லையான்னு அவருக்குத் தெரியாதா? ஓகே போட்டது அவர். மேடையில சொல்றதும் அவர்.

---

பாரதிபூங்கா_பெஞ்சு · இரவு 8.20

நான் கொஞ்சம் வேறு மாதிரி பார்க்கிறேன். ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை இங்கே நாட்குறிப்பு எழுதினார். பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் துபாஷி, அதாவது மொழிபெயர்ப்பாளரும் தரகரும், இன்றைய கணக்கில் அதிகாரத்துக்கு ஆகப் பக்கத்தில் இருந்த தமிழர். 1748-ல் வேதபுரீசுவரர் கோயிலை இடித்ததையும் எழுதுகிறார், தன் வியாபாரத்தையும் எழுதுகிறார், பிடிக்காதவர்களைத் திட்டியும் தீர்க்கிறார். வெளியீட்டு விழா கிடையாது. 1846-ல்தான் ஒரு பிரெஞ்சுக்காரர் கண்ணில் பட்டது. மேடையை நினைக்காமல் எழுதியதால் அதில் ஏழைத் தாய் இல்லை.

மேடைக்காக எழுதப்படும் புத்தகத்துக்குள் ஓர் ஏழைத் தாய் இருந்தே ஆக வேண்டும் என்று கேட்டது யார்? கெடிலம் தம்பி, நீங்களும் நானும்தான். இல்லாவிட்டால் "தலைவர் பணக்கார வீட்டுப் பிள்ளையோ" என்று நாமே கேட்போம். வாத்தியார் கேட்ட சரக்கைக் கொடுத்திருக்கிறார்.

---

கெடிலம்74 · இரவு 8.41

நான் சரக்கு கேட்கல ஐயா. நடந்தது என்னன்னு கேட்டேன். ரெண்டுக்கும் வித்தியாசம் உண்டு.

---

ஓய்வு_தமிழாசிரியர் · இரவு 9.25

கெடிலம் தம்பியின் கேள்விக்கு: பொறுப்பு என்னுடையது. தலைவரிடம் அந்தப் பக்கத்தைக் கொடுத்தபோது, "இது என் தாயார் செய்தது, உங்களுக்குப் பொருந்தாவிட்டால் எடுத்துவிடுகிறேன்" என்று சொல்ல வாயெடுத்தேன். அவர் அதற்குள் படிக்கத் தொடங்கிவிட்டார். படித்துவிட்டு வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "எங்கம்மாவும் இப்படித்தான் இருந்திருப்பாங்க, இல்ல வாத்தியாரே?" என்றார். அவருக்கு மூன்று வயதிலேயே தாயார் தவறிவிட்டார் என்று அன்றைக்குத்தான் சொன்னார். அதன் பிறகு எடுத்துவிடுகிறேன் என்று சொல்ல எனக்கு வரவில்லை.

வாசகி அம்மா, பெயர் இருந்தால் எழுதியிருக்க மாட்டேன். நீங்கள் சொன்னது சரி.

---

வில்லியனூர்_வாசகி · இரவு 9.33

மன்னியுங்கள் ஐயா. கேள்வியைத் திரும்பப் பெறவில்லை, கேட்ட தொனியைத் திரும்பப் பெறுகிறேன்.

---

கெடிலம்74 · இரவு 9.50

மூணு வயசுன்னு எங்க யாருக்கும் தெரியாது. அதை எழுதியிருந்தா இதைவிட அழுதிருப்பேன். அப்பவும் போஸ்டர் ஒட்டியிருப்பேன். ஏன் ஐயா அதை எழுதல?

---

ஓய்வு_தமிழாசிரியர் · இரவு 9.58

எழுத வேண்டாம் என்று சொன்னார்.

---

திருப்பாப்புலியூர்_டிடிபி · இரவு 10.15

ஐயா, உங்களுக்கு மட்டும் ஒரு விஷயம், ஆனா இங்கேயே சொல்றேன், இதுவரைக்கும் எல்லாமே இங்கதானே பேசினோம். மொதப் பதிப்பு தீர்ந்துடுச்சு. ரெண்டாம் பதிப்பு ஃபைல் இப்ப என் கம்ப்யூட்டர்ல திறந்திருக்கு. பக்கம் 47. புதன்கிழமை பிளேட்டுக்குப் போகுது. உதவியாளர் "எதையும் மாத்த வேணாம், பிழை இருந்தா மட்டும் பாருங்க"ன்னு சொல்லியிருக்கார்.

அந்தப் பாராவை எடுக்கணும்னா சொல்லுங்க, தலைவர்கிட்ட நானே போய்ப் பேசறேன். 'எழுத்தாக்கம்'னு ஒரு வரி போடணும்னாலும் இம்ப்ரின்ட் பக்கத்துல இடம் இருக்கு. அதையும் பேசிப் பார்க்கறேன். என்ன செய்யட்டும்?

---

ஓய்வு_தமிழாசிரியர் · இரவு 10.52

இரண்டும் வேண்டாம் தம்பி.

முதல் பதிப்பில் அந்தப் பக்கத்தில் மூன்று இடத்தில் 'செம்பு' என்று இருக்கிறது. இலக்கணப்படி சரிதான், அதனால்தான் திருத்தியிருப்பீர்கள். நான் எழுதிக் கொடுத்தது 'சொம்பு'. அம்மா அப்படித்தான் சொல்வாள். அதை மட்டும் மாற்றிவிடுங்கள்.